காலி வண்டி பொய் சொல்லும்: சொகுசு ஆஃப்-ரோடு கேம்பரைச் சோதித்துப் பார்க்க முழுமையான வழிகாட்டி

படுக்கை, அடுப்படி, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் சொகுசு கேம்பர் வண்டியைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான். படியேறி உள்ளே போகிறார்கள், மெத்தையை அமுக்கிப் பார்க்கிறார்கள், அலமாரிகளைத் திறந்து மூடுகிறார்கள், தார்ச்சாலையில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு "பிரமாதம்" என்கிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் தண்ணீர்த் தொட்டி காலி, அலமாரி காலி, பேட்டரி முழு சார்ஜ், வெளியே நல்ல வெயில். அந்த நிலையில் எந்த வண்டியும் பிரமாதமாகத்தான் இருக்கும்.

புதியவர்கள் பலரோடு இப்படிப்பட்ட சோதனை ஓட்டங்களுக்குத் துணைக்குப் போயிருக்கிறேன். எல்லோரும் தடுமாறுவது வரிசையில்தான். வீட்டை முதலில் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். சேஸிஸையும் (எஞ்சினையும் சக்கரங்களையும் தாங்கும் அடிச்சட்டம்) எடையையும், மனசு முடிவெடுத்த பிறகு, கடமைக்குப் பார்க்கிறார்கள். கீழே உள்ள வரிசை அதைத் தலைகீழாக்குகிறது: பாரம், எடை, தார்ச்சாலை, மண்பாதை, இரவு, காலை.

இதற்குக் குறைந்தது இரண்டு இரவு வேண்டும். முதல் இரவு எந்த ஸ்விட்ச் எங்கே என்று தேடுவதிலேயே போய்விடும். வண்டியின் குணம் இரண்டாவது இரவில்தான் தெரியும். விற்பவர் அவ்வளவு நேரம் தர மறுத்தால், அதே சேஸிஸில் ஏறக்குறைய அதே அளவு பெட்டி (சேஸிஸின் மேல் உட்காரும் வாழும் பகுதி) உள்ள வண்டியை வாடகைக்கு எடுங்கள். வாங்கப்போகும் தொகையோடு ஒப்பிட்டால் அந்த வாடகை ஒரு பொருட்டே அல்ல.

1. சாவியைக் கையில் வாங்கும் முன்

முதலில் ஓட்டுநர் உரிமம். வண்டியின் ஆவணத்தில் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை எவ்வளவு என்று பாருங்கள். பல நாடுகளில் 3.5 டன்னைத் தாண்டினால் சாதாரண கார் உரிமம் போதாது. மெர்சிடிஸ் ஸ்பிரின்டர், ஐவெகோ டெய்லி போன்ற வேன் வகைகளிலேயே இந்த எல்லைக்கு மேலே போகும் மாடல்கள் உண்டு. யூனிமோக், மான் (MAN) போன்ற லாரி சேஸிஸ் என்றால் கேட்கவே வேண்டாம். உரிமம் பொருந்தாமல் ஓட்டி ஏதாவது ஆகிவிட்டால் காப்பீடு கைகொடுக்காமல் போகலாம்.

அடுத்தது ஒப்பந்தம். பெயரிலேயே ஆஃப்-ரோடு என்று இருக்கும் வண்டியின் ஒப்பந்தத்தில், தார் போடாத பாதையில் போகக்கூடாது என்று ஒரு வரி ஒளிந்திருக்கலாம். வேடிக்கைதான், ஆனால் அடிக்கடி பார்த்திருக்கிறேன். அடிப்பாகச் சேதம், கூரைச் சேதம், டயர், கண்ணாடி ஆகியவை காப்பீட்டில் வருமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். மண்பாதையில் நேரும் சேதங்களில் பெரும்பாலானவை இவைதான். எந்த மாதிரிப் பாதைக்கு அனுமதி, சிக்கிக்கொண்டால் இழுத்து வரும் செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு போதாது.

2. கூடவே கொண்டுபோக வேண்டியவை

கொத்தனார் வைத்திருப்பாரே, அந்த மாதிரி ஒரு சின்ன ரசமட்டம். டயர் காற்று பார்க்கும் கேஜ். தலையில் மாட்டும் டார்ச். அளவு நாடா. வெள்ளைத் துணி ஒன்று. எதற்கென்று ஏழாம் பகுதியில் சொல்கிறேன். ஒரு நோட்டும் பேனாவும்.

உங்கள் படுக்கை விரிப்பு, நீங்கள் தினமும் சமைக்கும் பாத்திரங்கள், ஒரு வாரத்துத் துணிமணி எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். காட்சிக்கு வைத்திருக்கும் வண்டியில் இழுப்பறைக்கு ஏற்ற பாத்திரம் இருக்கும். உங்கள் பெரிய வாணலி அதில் நுழையுமா என்பது உங்கள் வாணலியைக் கொண்டுபோனால்தான் தெரியும்.

உங்களோடு பயணம் செய்யப்போகிறவர் கட்டாயம் வர வேண்டும். ஒருவர் அடுப்படியில் நிற்கும்போது இன்னொருவர் கழிவறைக்குப் போக முடியுமா என்பதைத் தனியாளாகப் போய்ச் சோதிக்க முடியாது. தனியாகப் பார்த்து வாங்கிவிட்டு, பிறகு வீட்டில் சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் இருக்கிறார்கள்.

3. முதல் ஒரு மணி நேரம், நின்ற இடத்திலேயே

வண்டியை ஒப்படைப்பவர் விளக்கம் சொல்லும்போது முழுவதையும் போனில் வீடியோ எடுங்கள். கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். இரவு பத்து மணிக்கு வெந்நீர் வராமல் நிற்கும்போது ஒன்றும் நினைவுக்கு வராது.

விளக்கத்தின்போது ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள்: "இது வேலை செய்யாவிட்டால் கையால் எப்படி?" மின்சாரப் படி மடங்கவில்லை என்றால்? கூரையிலிருந்து இறங்கும் படுக்கை பாதியில் நின்றுவிட்டால்? தொடுதிரை செத்துவிட்டால் விளக்கையும் பம்பையும் எங்கிருந்து இயக்குவது? வண்டி எவ்வளவு சொகுசோ அவ்வளவு மோட்டார்கள் அதில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கைவழி ஒன்று இருக்க வேண்டும், அது உங்கள் கைக்கு எட்டவும் வேண்டும். ஃபியூஸ் பெட்டி படுக்கைக்கு அடியில், எட்டுத் திருகாணிக்குப் பின்னால் இருந்தால் அதை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வெளியே வந்து கீழே குனியுங்கள். கழிவுநீர்த் தொட்டியின் குழாய், வால்வு, மின்கம்பி, மடக்குப் படி இவற்றில் எது சேஸிஸுக்குக் கீழே தொங்குகிறது? ஆக்சில் (சக்கரங்களை இணைக்கும் அச்சு) பக்கம் தரையிலிருந்து நல்ல உயரம் இருந்தாலும் ஒரு பிளாஸ்டிக் வால்வு 10 சென்டிமீட்டர் கீழே தொங்கினால், உண்மையான உயரம் அந்த வால்வின் உயரம்தான்.

வண்டியின் மொத்த உயரத்தையும் அகலத்தையும் நீங்களே அளந்து, ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங் அருகே ஒட்டுங்கள். கூரையில் சோலார் பலகை, ஏசி, சாமான் தட்டு எல்லாம் சேர்ந்து ஏட்டில் போட்டிருக்கும் உயரத்தைத் தாண்டியிருக்கலாம். கார் ஓட்டிப் பழகிய மூளை தலைக்கு மேலே பார்க்காது. புதியவர்கள் முதலில் இடிப்பது பெரும்பாலும் மரக்கிளையில்தான்.

4. பாரம் ஏற்றி எடை போடுங்கள்

பலரும் தவிர்க்கிற படி இது. எனக்கோ, மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம்.

தண்ணீர்த் தொட்டியை முழுக்க நிரப்புங்கள். டீசலை நிரப்புங்கள். சாமான்களை ஏற்றுங்கள். நீண்ட பயணத்துக்கு ஏற்றப்போகும் அளவுக்குச் சாமான் இல்லையென்றால் 20 லிட்டர் தண்ணீர் கேன்களை வைத்து ஈடுசெய்யுங்கள். ஒரு கேன் 20 கிலோ, கணக்கு சுலபம். பயணம் செய்யப்போகிற எல்லோரும் ஏறி உட்கார்ந்துகொண்டு லாரிகள் எடை போடும் எடைமேடைக்குப் போங்கள்.

ஒரு தோராயக் கணக்கு பாருங்கள். இரண்டு பேர் 150 கிலோ. தண்ணீர் 200 லிட்டர் என்றால் 200 கிலோ. டீசல் 100 லிட்டர் ஏறக்குறைய 84 கிலோ. சிக்கிக்கொண்டால் வண்டியை வெளியே எடுக்கும் மீட்புச் சாமான்கள் 60. உணவு, துணி, பாத்திரம், நாற்காலி எல்லாம் சேர்த்து 120. மொத்தம் 614 கிலோ. இன்னும் சைக்கிள் ஏற்றவில்லை, கூரையில் எதுவும் வைக்கவில்லை. தேக்கு அலமாரி, பெரிய பேட்டரி, கல் மேடை, துணி துவைக்கும் இயந்திரம் என்று எல்லாம் வைத்துக் கட்டிய வேன் வகை வண்டியில் இவ்வளவு ஏற்ற அனுமதியே மிஞ்சியிருக்காது.

விற்பவர் சொல்லும் காலி எடையை அப்படியே நம்ப வேண்டாம். சிலர் ஓட்டுநரையும் டீசலையும் சேர்த்துச் சொல்வார்கள், சிலர் சேர்க்க மாட்டார்கள். கூடுதலாகப் பொருத்திய சாமான்களைக் கணக்கில் விட்டிருப்பவர்களும் உண்டு. எடைமேடைச் சீட்டில் அந்தக் குழப்பம் கிடையாது.

மொத்த எடை மட்டும் போதாது. முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு எடை, பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு எடை எடுங்கள். மொத்த எடை எல்லைக்குள் இருந்தும் பின் ஆக்சில் எல்லை மீறியிருப்பது சகஜம். பின்பக்கம் ஸ்டெப்னி, சைக்கிள், மோட்டார் சைக்கிள் என்று மாட்டும்போது, பின் ஆக்சிலுக்கு அப்பால் தொங்கும் எடை நெம்புகோல் மாதிரி முன்பக்கத்தைத் தூக்கும். பின் ஆக்சில் சாமானின் எடையை விட அதிகமாகச் சுமக்கும். முன்சக்கரத்தின் பிடி குறையும்.

மேடையில் இடம் இருந்தால் இடம் வலமும் பாருங்கள். தண்ணீர், பேட்டரி, அடுப்படி மூன்றும் ஒரே பக்கம் இருந்தால் வண்டி அந்தப் பக்கம் சாயும். சரிவில் குறுக்காகப் போகும்போது அது தெரியும்.

சீட்டைப் பத்திரமாக வையுங்கள். ஆறாம் பகுதியில் வேண்டும்.

5. தார்ச்சாலையில் முதல் 100 கிலோமீட்டர்

பயணத்தில் பெரும்பகுதி எப்படியும் தார்ச்சாலையில்தான் போகும். அதனால் மண்பாதைக்கு அவசரப்படாதீர்கள். அதோடு, பாரத்தோடு பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று தெரியாமல் சரிவில் இறங்குவது சரியல்ல.

ஆளில்லாத நேரான சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து அழுத்தமாக ஒருமுறை பிரேக் போட்டு நிறுத்துங்கள். பின்னால் எது பறந்தது, எந்தக் கதவு திறந்தது என்று பாருங்கள். அலமாரிப் பூட்டுகளைச் சோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஃப்ரிட்ஜ் கதவு திறந்துகொண்டால் அதன் கொக்கி மண்பாதைக்குத் தாங்காது.

எதிரே பெரிய லாரி கடக்கும்போதும், பாலத்தில் பக்கவாட்டுக் காற்று அடிக்கும்போதும் ஸ்டியரிங்கை எவ்வளவு பிடித்துத் திருத்த வேண்டியிருக்கிறது? இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு தோள்பட்டை வலிக்கிறதா? இந்தக் கேள்விக்கான பதில் ஏட்டில் கிடைக்காது.

பாதி நிரம்பிய தொட்டி முழுத் தொட்டியை விட மோசமாக நடந்துகொள்ளும். தண்ணீர் அலையடித்து, நின்ற வண்டியை மறுபடி ஒரு தள்ளு தள்ளும். உள்ளே தடுப்புச் சுவர் உள்ள தொட்டியில் இது குறையும். திரும்பி வரும்போது பாதித் தொட்டியோடு இதையும் ஒருமுறை உணர்ந்து பாருங்கள்.

6. தார் முடியும் இடத்தில் காற்றை இறக்குங்கள்

காற்று குறைந்தால் டயர் தரையில் நீளமாகப் படியும். பிடி கூடும், கல் குத்தும் அபாயம் குறையும், உள்ளே இருப்பவர்களின் இடுப்பும் தப்பிக்கும். புதியவர்கள் இதைச் செய்யாமலேயே போய், "சஸ்பென்ஷன் சரியில்லை" என்று வண்டியைக் குறை சொல்வார்கள். சாலைக் காற்றோடு மண்பாதையில் ஓடினால் எந்த வண்டியும் உடம்பைப் பிய்த்துவிடும்.

எவ்வளவு இறக்குவது? அதற்குத்தான் எடைச்சீட்டு. ஒவ்வொரு ஆக்சிலின் எடையையும் அதில் உள்ள சக்கரங்களின் எண்ணிக்கையால் வகுத்து, டயர் தயாரிப்பாளரின் பாரப் பட்டியலில் பாருங்கள். பட்டியல் கையில் இல்லாவிட்டால் வண்டி கட்டியவர் சொல்லும் அளவைக் கேளுங்கள். காருக்குச் சொல்லும் 18, 20 பி.எஸ்.ஐ கணக்கை ஐந்து டன் வண்டிக்குப் போடாதீர்கள். டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம்.

காற்று குறைத்த பிறகு வேகமும் குறைய வேண்டும். குறைந்த காற்றோடு வேகமாகப் போனால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். திரும்பத் தார் ஏறும் இடத்தில் வண்டியின் கம்ப்ரஸரைக் கொண்டு நான்கு டயருக்கும் காற்று ஏற்றி, எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒரு மணி நேரம் ஆகும் என்றால் போகப் போக நீங்கள் காற்றை இறக்குவதையே நிறுத்திவிடுவீர்கள். மனித இயல்பு அப்படித்தான்.

7. மண்பாதை: சாகசம் வேண்டாம், நான்கு சோதனை போதும்

முதலில் நான்கு சக்கர இயக்கத்தையும் லோ கியரையும் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் தனி கியர் வரிசை) சமதளத்திலேயே போட்டு எடுத்துப் பழகுங்கள். சில வண்டிகளில் நின்ற பிறகுதான் லோ விழும், சிலவற்றில் நியூட்ரலில் போட வேண்டும். பாதிச் சரிவில் நின்றுகொண்டு கற்றுக்கொள்ளும் பாடம் அல்ல இது. இரு பக்கச் சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுற்ற வைக்கும் டிஃப் லாக்கைத் தார்ச்சாலையில் போட்டுத் திருப்பாதீர்கள். திருப்பத்தில் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வேண்டும், லாக் அதைத் தடுக்கும்.

முதல் சோதனை, முறுக்கு. ஒரு முன்சக்கரம் மேட்டிலும் அதற்கு எதிர்மூலையில் உள்ள பின்சக்கரம் இன்னொரு மேட்டிலும் ஏறும்படி மெதுவாக நிறுத்துங்கள். இப்போது இறங்கி, பெட்டியின் கதவைத் திறந்து மூடுங்கள். ஜன்னல்களையும் அப்படியே. லாரி சேஸிஸ் மேடுபள்ளத்தில் முறுக்கிக்கொள்ளும். அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். பெட்டி அதோடு சேர்ந்து முறுக்கக் கூடாது என்பதற்காகத்தான் மூன்று அல்லது நான்கு புள்ளிகளில் அசையும் துணைச்சட்டத்தின் மேல் அதை உட்கார வைக்கிறார்கள். கதவு இறுகிக்கொண்டாலோ மூடும்போது உரசினாலோ, முறுக்கு பெட்டிக்குப் போகிறது என்று அர்த்தம். கொஞ்ச காலத்தில் மூலைகளில் விரிசல் விடும், மழை உள்ளே வரும். ஓட்டுநர் அறைக்கும் பெட்டிக்கும் நடுவே போய்வர வழி இருந்தால், அதைச் சுற்றியுள்ள ரப்பர் இணைப்பு இந்த நிலையில் கிழியாமல் நீள்கிறதா என்றும் பாருங்கள். வேன் வகையில் உடல் முழுதும் ஒரே கூடு என்பதால் இணைப்புக் கவலை இல்லை. அதற்குப் பதிலாக உள்ளே உள்ள அலமாரிகள் கிறீச்சிடும்.

இரண்டாவது, இறக்கம். லோ கியரில், முதல் அல்லது இரண்டாவது கியரில், காலைப் பிரேக்கிலிருந்து எடுத்துவிட்டு இறங்குங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி இறக்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே போக வேண்டியிருந்தால், நீண்ட மலை இறக்கத்தில் அது சூடேறிப் பிடி விட்டுவிடும்.

மூன்றாவது, பக்கச் சரிவு. மூன்று மீட்டருக்கு மேல் உயரமான வண்டியில் ஐந்து டிகிரி சாய்வே வயிற்றைக் கலக்கும். முதல் சோதனையில் லேசான சரிவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எத்தனை டிகிரி வரை பாதுகாப்பு என்று வண்டி கட்டியவரிடம் கேளுங்கள். வீரம் காட்டும் இடம் இதுவல்ல. கூரையில் சாமான் வைத்திருந்தால் இதை விட்டுவிடலாம்.

நான்காவது, தூசி. ஓடும் வண்டியின் பின்பக்கம் காற்றழுத்தம் குறைந்து, சின்ன இடுக்கு கிடைத்தாலும் தூசியை உள்ளே இழுக்கும். எல்லா ஜன்னலையும் மூடி அரைமணி நேரம் மண்ணில் ஓடியபின், வெள்ளைத் துணியால் பின் அலமாரியின் உட்பக்கத்தையும் படுக்கையின் மூலையையும் துடையுங்கள். துணி கதை சொல்லும். கேஸ் அடுப்பு உள்ள வண்டியில், கசியும் கேஸ் வெளியேறுவதற்குத் தரையில் துளை விட்டிருப்பார்கள். கேஸ் காற்றை விடக் கனமானது, கீழேதான் தங்கும். தூசி வருகிறதே என்று அந்தத் துளையை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

மண்ணில் சக்கரம் வெறுமனே சுற்ற ஆரம்பித்தால் உடனே காலை எடுங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும். இறங்கி, சக்கரத்துக்கு முன்னால் மண்ணை அள்ளி, பலகையை வைத்து மெதுவாக எடுங்கள். இழுவைக் கொக்கி எங்கே இருக்கிறது, எத்தனை டன் தாங்கும் என்பதை முன்பே பார்த்து வைத்திருக்க வேண்டும்.

8. வெளிச்சம் இருக்கும்போதே இடம் பிடியுங்கள்

மாலை நான்கு மணிக்கே நிறுத்திவிடுங்கள். இருட்டிய பிறகு வந்தால் தரை எந்தப் பக்கம் சாய்கிறது, கிளை எங்கே காய்ந்து தொங்குகிறது, தண்ணீர் ஓடிய தடம் எங்கே என்று எதுவும் தெரியாது. காய்ந்த ஓடைப்படுகையில் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். மழை இங்கே பெய்ய வேண்டும் என்றில்லை, மேலே எங்கேயோ பெய்தாலும் வெள்ளம் வரும்.

ரசமட்டத்தைப் படுக்கையின் மேல் வைத்து, தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்து ஏற்றுங்கள். ஹைட்ராலிக் கால்கள் தானே மட்டம் பிடிக்கும் வண்டி என்றாலும், கட்டையால் எப்படிச் செய்வது என்று ஒருமுறை பாருங்கள். சாய்வு முழுதாகப் போகாவிட்டால் தலைமாடு உயரமாக இருக்கட்டும்.

மட்டத்துக்கு இன்னொரு காரணம் குளியலறை. ஒருமுறை நான் சாய்வைக் கண்டுகொள்ளாமல் குளித்தேன். வடிகால் துளை ஒன்றே ஒன்றுதான், அதுவும் மேட்டுப் பக்கத்தில். தண்ணீர் வடியாமல் தேங்கி, வாசல்படியைத் தாண்டி நடைபாதைக்கு வந்து, கம்பளத்தை நனைத்துவிட்டது. அன்று இரவு முழுக்க ஈரக் கம்பள வாசனை. துளை எதிரெதிர் மூலைகளில் இரண்டு இருக்கிறதா என்று இப்போதெல்லாம் முதலில் பார்க்கிறேன்.

9. முதல் இரவு: எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுங்கள்

வெளி மின்இணைப்பு இருக்கும் முகாமில் தங்கிச் சோதிப்பது வீண். இணைப்பே இல்லாத இடத்தில் தங்குங்கள். பேட்டரி எத்தனை சதவீதம் என்று மாலை ஆறு மணிக்கு எழுதிவையுங்கள்.

கணக்கு இப்படி. 12 வோல்ட் லித்தியம் பேட்டரி 300 ஆம்பியர்-மணி என்றால் கிட்டத்தட்ட 3.8 யூனிட். 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பு அரைமணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். அந்த நேரத்தில் பேட்டரியிலிருந்து 160 ஆம்பியருக்கு மேல் பாயும். கம்பி, இணைப்பு எதுவும் சூடாகிறதா என்று கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். ஏசி இடைவிடாமல் 600 வாட் இழுத்தால் எட்டு மணி நேரத்துக்கு 4.8 யூனிட். 3.8 உள்ள பேட்டரி அதற்குப் போதாது. ஏசி விட்டுவிட்டு ஓடும்போது செலவு குறையும், ஆனால் எவ்வளவு குறையும் என்பது பெட்டியின் சுவர் எவ்வளவு வெப்பத்தைத் தடுக்கிறது என்பதைப் பொறுத்தது. இரவு முழுக்க ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். "ஏசி இருக்கிறது" என்பதும் "இரவு முழுக்க ஏசி ஓடும்" என்பதும் ஒன்றல்ல.

எனவே தயங்காமல் எல்லாவற்றையும் போடுங்கள். இண்டக்ஷனில் சமையுங்கள், வெந்நீர் போடுங்கள், இருவரும் குளியுங்கள், ஏசியோ ஹீட்டரோ ஓடட்டும். சமைக்கும்போது புகையை இழுக்கும் விசிறி போதுமா? கதவை மூடிக்கொண்டு வறுத்துத் தாளித்துப் பாருங்கள். படுக்கையும் அடுப்பும் ஒரே அறையில் இருக்கும் வீடு இது, வாசனை உங்களோடேயே தூங்கும்.

தண்ணீர் கணக்கும் அப்படியே. நிமிடத்துக்கு 7 லிட்டர் கொட்டும் குழாயில் இருவர் ஐந்தைந்து நிமிடம் குளித்தால் 70 லிட்டர். தினமும் இப்படிக் குளித்தால் 200 லிட்டர் தொட்டி மூன்று நாள்கூட வராது. நல்ல தண்ணீர்த் தொட்டி 200 லிட்டர், கழிவுநீர்த் தொட்டி 80 லிட்டர் என்றால் சிறிய தொட்டியின் கணக்கில்தான் நீங்கள் வாழ வேண்டும்.

கழிவறையைப் பற்றிப் பேச யாரும் விரும்புவதில்லை. ஆனால் கேசட் கழிவறையின் தொட்டி 20 லிட்டரை ஒட்டித்தான் இருக்கும், இரண்டு பேருக்கு மூன்று நாளைக்கு மேல் வருவது கடினம். அதைக் கழற்றிக் கொட்டிக் கழுவி மாட்டும் வேலையைச் சோதனையின்போதே நீங்களே செய்யுங்கள். இருவரில் யாராலும் முடியாது என்று தெரிந்தால் வேறு வகைக் கழிவறையைக் கேட்கலாம்.

டீசல் ஹீட்டர் இருந்தால், படுத்த பிறகு அதன் சத்தத்தைக் கேளுங்கள். பம்பு டிக் டிக் என்று அடிப்பது சிலருக்குத் தாலாட்டு, சிலருக்குத் தலைவலி. உயரமான மலைப்பகுதிக்குப் போகும் எண்ணம் இருந்தால், அந்த ஹீட்டருக்கு உயரத்துக்கேற்ற சரிக்கட்டல் இருக்கிறதா என்று கேளுங்கள். காற்று மெலியும் இடத்தில் அதே அளவு டீசல் பாய்ந்தால் சரியாக எரியாமல் கரி படியும். கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா, பொத்தானை அமுக்கினால் கத்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். அது இல்லாத வண்டியில் நான் எரியும் எதையும் வைத்துக்கொண்டு தூங்க மாட்டேன்.

உள்பக்கம் படுத்திருப்பவர் நடுஇரவில் எழுந்தால் மற்றவரை மிதிக்காமல் வெளியே வர முடிகிறதா? மேலே தூக்கும் துணிக்கூரை என்றால் காற்றடிக்கும் இரவில் எவ்வளவு படபடக்கிறது? தூங்காமல் கழித்த ஒரு மணி நேரத்தில் நினைவுக்கு வருவதையெல்லாம் அப்போதே எழுதுங்கள். காலையில் காபி உள்ளே போனதும் எல்லாக் குறையும் மறந்துவிடும்.

10. காலை ஆறு மணி

எழுந்தவுடன் ஜன்னலைத் திறக்காதீர்கள். முதலில் டார்ச்சை எடுத்து மெத்தையின் அடிப்பாகத்தையும் ஜன்னல் சட்டத்தையும் கதவின் ஓரத்தையும் தொட்டுப் பாருங்கள். இரவு முழுக்க இருவர் விட்ட மூச்சு எங்கேயாவது தண்ணீராகத்தான் ஆகியிருக்கும். கண்ணாடியில் இருந்தால் துடைத்துவிடலாம். சுவரின் உள்ளே உலோகம் வெளிவரை நேராகப் போகும் இடங்களில் துளி துளியாக நின்றால் அது கட்டுமானக் குறை. அங்கே நாளடைவில் பூசணம் பிடிக்கும்.

பிறகு பேட்டரி சதவீதத்தை எழுதுங்கள். உறைபனி இரவாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. நல்ல பேட்டரியில் பாதுகாப்புச் சுற்று அதைத் தடுத்துவிடும். பேட்டரி சூடான பெட்டிக்குள் இருக்கிறதா, வெளியே சேஸிஸில் தொங்குகிறதா என்பது இங்கேதான் முக்கியமாகிறது.

11. இரண்டாம் நாள்: நகராதீர்கள்

பகல் முழுக்க ஒரே இடத்தில், பாதி மர நிழலில் நில்லுங்கள். எஞ்சினைப் போடாதீர்கள். 600 வாட் சோலார் நல்ல வெயிலில் ஐந்து மணி நேரம் என்றால் காகிதத்தில் 3 யூனிட். கூரையில் படுத்த நிலையில் இருக்கும் பலகை, சூடு, தூசி, நிழல் என்று கழித்துக்கொண்டே போனால் கையில் எவ்வளவு வருகிறது? மாலை ஆறு மணிக்கு மறுபடி எழுதுங்கள். இரண்டு நாள் எண்களையும் பக்கத்தில் வைத்தால் எத்தனை நாள் நகராமல் இருக்க முடியும் என்று தெரிந்துவிடும்.

ஓய்வான இந்த நாளில் ஸ்டெப்னியை இறக்கி ஏற்றிப் பாருங்கள். லாரி வகை வண்டியில் ரிம்மோடு சேர்த்து ஒரு டயர் 100 கிலோவைத் தாண்டும். அதை இறக்கும் சிறு கிரேனோ வின்ச்சோ உங்களால் இயக்க முடிகிறதா? ஜாக்கி அந்த எடையைத் தூக்குமா, மணலில் அதற்கு அடியில் வைக்கப் பலகை இருக்கிறதா? பலர் இதைச் சிரித்துக்கொண்டே தட்டிக்கழிப்பார்கள். வெயிலில் வியர்த்து ஒருமுறை செய்தவர்கள், சின்ன வண்டியே போதும் என்று மனம் மாறியதையும் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது இரவை எந்தச் சோதனையும் செய்யாமல் சும்மா கழியுங்கள். மழை பெய்தால் அதிர்ஷ்டம் என்று நினையுங்கள்.

12. திருப்பிக் கொடுக்கும் முன்

காலையில் கிளம்பும்போது எத்தனை வேலை, எத்தனை நிமிடம் என்று கணக்கெடுங்கள். படியை மடக்குவது, கூரை ஜன்னல்களைச் சாத்துவது, பம்பை நிறுத்துவது, ஃப்ரிட்ஜ் கொக்கி, கேஸ் வால்வு, கட்டைகளை எடுப்பது. இவற்றை ஒரு சீட்டில் எழுதி, ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். "எனக்கு ஞாபகம் இருக்கும்" என்பவர்தான் கூரை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுஞ்சாலை ஏறுவார்.

திரும்பும் வழியில் டயர்களுக்குச் சாலைக் காற்றை ஏற்றிவிட்டு, பாதித் தொட்டியோடு ஐந்தாம் பகுதியில் சொன்ன பிரேக் சோதனையை மறுபடி செய்யுங்கள். வழியில் ஒருமுறை நிறுத்தி ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். மற்றவற்றை விட ஒன்று மட்டும் அதிகச் சூடாக இருந்தால் பிரேக்கோ பேரிங்கோ பார்க்கப்பட வேண்டும்.

கழிவுநீரை அதற்கென்று உள்ள இடத்தில் காலி செய்யுங்கள். ஒப்படைக்கும்போது அடிப்பாகம், கூரை, நான்கு டயர்களின் பக்கச்சுவர் எல்லாவற்றையும் படம் எடுங்கள். சோதனைக்கு வண்டியைக் கையில் எடுத்தபோதும் இதே படங்களை எடுத்திருக்க வேண்டும். மறந்தவர்கள் இப்போது நினைத்து வருந்துவார்கள்.

விலை பேச அன்றே உட்காராதீர்கள். நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். குறைகளை மூன்றாகப் பிரியுங்கள்: பழகிவிடும், மாற்றிக் கட்டலாம், சேஸிஸிலேயே உள்ளது. மூன்றாவது வரிசையில் எடையோ பெட்டியின் முறுக்கோ இருந்தால், மற்ற இரண்டு வரிசையையும் படிக்க வேண்டிய தேவை இல்லை. அடுத்த வண்டியைப் பார்க்கப் போகலாம்.